டோக்கனுக்கு முன் பத்திரம்

கோவையில் வீடு தேடி வருகிறவர் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார். "சிறுவாணி வருதுங்களா, பில்லூருங்களா? போர் எத்தனை அடிங்க?" வடவள்ளிப் பக்கம் ஒரு பதில் சொல்வோம், காளப்பட்டிப் பக்கம் வேறு பதில். அதற்குப் பிறகு பஸ், பள்ளிக்கூடம், வாசல் பார்க்கும் திசை, கார் திரும்ப ரோட்டில் இடம் இருக்கிறதா என்று கேள்விகள் வரும். விலை பேச்சு அதற்கு அடுத்தது. மறு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து இன்னொரு முறை பார்ப்பார். மனசுக்குப் பிடித்துவிட்டால் அன்று மாலையே டோக்கன் கைமாறிவிடும். "பத்திரம் ஜெராக்ஸ் ஒண்ணு கிடைக்குங்களா?" என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த வரிசையை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டியவர்கள் நாம்தான் என்று சொல்லவே இந்த மாத ஆசிரியர் உரையை எழுதுகிறேன். வாங்குகிறவர் வாழ்நாளில் ஒரு வீடு வாங்குகிறார், அதிகம் போனால் இரண்டு. அவருக்கு வரிசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. புரோக்கராக, பத்திர எழுத்தராக, லீகல் பார்க்கும் வழக்கறிஞராக மாதம் பத்துக் கிரயத்தைத் தொடுகிற நமக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. கணவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணத்தோடு மனைவியின் நகையையும் சேர்த்து, சத்தி ரோட்டுப் பக்கம் நான்கு சென்ட்டில் ஒரு ஓட்டு வீடு பார்த்திருந்தார்கள். டோக்கன் 3 லட்சம், ரொக்கம், கொடுத்தாகிவிட்டது. விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். பட்டா அவர்கள் இருவர் பெயரில் இருந்தது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒரு பதிவுகூட இல்லை. "வில்லங்கமே இல்லைங்க, பாருங்க" என்று காட்டியிருக்கிறார்கள்.

அந்த வெறுமைதான் என்னை நிறுத்தியது. முப்பது ஆண்டாக ஒன்றும் பதிவாகவில்லை என்றால் இவர்கள் பெயருக்குச் சொத்து வந்த வழி என்ன? விசாரித்தோம். அவர்களுடைய தந்தை சுயமாக வாங்கிய இடம் அது. உயில் எழுதாமலே இறந்துவிட்டார், தாயும் பிறகு காலமானார். பட்டாவை மட்டும் அண்ணன் தம்பி தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். வாரிசுச் சான்று கேட்டபோதுதான் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருவர் இருப்பது தெரிந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவருக்கு விற்க விருப்பமில்லை. கிரயம் நின்றது. டோக்கன் பணம் தவணை தவணையாகத் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் புரோக்கருக்கும் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. வாரிசுச் சான்றை ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

வில்லங்கச் சான்று, அந்தச் சர்வே எண்ணில் பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவாகாத பாத்தியதை, சாகும் வரை பெட்டியில் கிடக்கும் உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு ஆகியவற்றை அதில் தேடக் கூடாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்பது பல முறை தீர்ப்பான விஷயம். 1980-களின் யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயர் மாறி ஏறிய பட்டாக்களை இன்றும் தாலுகா அலுவலகங்களில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வங்கி லோன் கொடுத்துவிட்டது என்பதும் முழுச் சான்று ஆகாது. வங்கி தன் கடனைத்தான் பார்க்கிறது.

"சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிகிறார்?" என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். விற்பவர் முன் பத்திரத்தைக் காட்டி உரிமையை நிறுவினால்தான் பதிவு என்று சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(i) செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உரிமையை ஆராயும் அதிகாரத்தைப் பதிவு அதிகாரிக்குத் தரவில்லை என்பது அதன் காரணம். அப்படியானால் உரிமையை யார் பார்ப்பது? வாங்குகிறவரும் அவருக்குத் துணை நிற்கிற நாமும்தான்.

பெண் மக்களின் பங்கை நம் தொழிலில் இன்னும் பலர் பழைய கணக்கில் பார்ப்பதால் தேதிகளை ஒரு முறை நினைவூட்டுகிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம். 1989 மார்ச் 25-இல் அமலுக்கு வந்த அது, அதற்கு முன் மணமானவர்களைச் சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினையை அது தொடவில்லை. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோட்டம் சைட் ஆகிக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்தில், மூன்று பத்திரங்களுக்குப் பின்னால் போனால் ஒரு பூர்வீகப் பூமி வந்து நிற்கும். அங்கே பெண் மக்களின் கையெழுத்தோ விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கும் லீகல் ஒப்பீனியன் அரைகுறை ஒப்பீனியன்தான்.

டோக்கன் வாங்கும் விதமும் சரியில்லை. வெள்ளைத்தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து வாங்கி, ரொக்கமாகக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் சொந்த வீடு தேடுகிற ஒருவரை அந்த வழக்கு வரைக்கும் நடக்கவைப்பதா நம் வேலை? ரொக்கத்தைப் பொறுத்தவரை, சொத்து விற்பனைக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்பனை நடக்காமல் போனாலும் தடை தடைதான். வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். ஞாயிறு மாலை மேசை மேல் வைக்கப்படும் அந்த 1 லட்சம் ரூபாய்க் கட்டு, விற்பவரை அங்கேயே சிக்கவைக்கிறது. அதை நாம் அவருக்குச் சொல்வதில்லை.

இப்போது நம்மில் பலருக்குக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். புரோக்கர் பத்திர நகலை ஏன் முன்கூட்டித் தருவதில்லை? இதே கேள்வியைக் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பல நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பேப்பர் கையில போச்சுன்னா ஓனர்கிட்ட நேராப் பேசி முடிச்சுப்போடறாங்க. நமக்குக் கமிஷன் போச்சுங்க." இந்தப் பயம் நியாயமானது. மூன்று மாதம் அலைந்து, பெட்ரோல் போட்டு, இருபது வீடு காட்டியவரைக் கழற்றிவிட்டுக் கிரயம் முடித்துக்கொண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உழைப்புக்குக் கூலி கிடைக்காது என்ற பயத்தில் ஒருவர் பேப்பரை மடியில் கட்டிக்கொள்கிறார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் அந்தப் பயத்தின் விலையை வாங்குகிறவர் தலையில் கட்டக் கூடாது. பேப்பரை மறைப்பதால் கமிஷனும் பத்திரமாக இருப்பதில்லை. சர்வே எண் தெரிந்தால் வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டாவும் புலப்படமும் அப்படியே கிடைக்கின்றன. சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம், நகல் வாங்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவே சொல்கிறது. ஊருக்கே திறந்திருக்கும் புத்தகத்தை நாம் மட்டும் மூடிவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கமிஷனைக் காப்பாற்றுவதற்கு வழி எழுத்துதான். வீட்டைக் காட்டும் முன் இரு தரப்பிலும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். சொத்தின் அடையாளம், காட்டிய தேதி, கமிஷன் எவ்வளவு, எந்த நாளில் தருவது, இத்தனை மாதத்துக்குள் அவர்களே நேரில் பேசி முடித்தாலும் அது உண்டு என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். கையெழுத்தான பிறகு நகல்களைக் கொடுத்துவிடலாம். வாய்ப்பேச்சில் தொழில் செய்து பழகியவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். "நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பத்திரம் எழுதச் சொல்வதும் நம்பிக்கை இல்லாமலா என்று திருப்பிக் கேட்கலாம்.

ரெரா வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளையும் எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புகளையும் பிடிக்கிறது. அவற்றை விற்றுக் கொடுக்கும் முகவர் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கும் முன் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். நல்ல விதிகள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் தினமும் கைமாற்றிக் கொடுப்பது பழைய தனி வீட்டையும் ஒற்றை சைட்டையும். அங்கே இந்த வேலி இல்லை. நம் ஒழுங்கை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சைட் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவை உயர் நீதிமன்றம் நிறுத்திய நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது விற்பனையான மனைப்பிரிவுகளுக்கு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. இன்றைக்கும் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு பழைய முத்திரையைக் காட்டி விற்கிறார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குத் தனியாக இல்லை. வரன்முறை ஆணை தனி மனைக்கு இருக்கிறதா, மனைப்பிரிவு முழுவதற்கும் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவார கிராமமென்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், நாம் ஹாக்கா என்பதன், பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கோவைக்கென்றே இருக்கும் நோய் ரிசர்வ் சைட். பூங்காவுக்கும் பள்ளிக்கும் என்று வரைபடத்தில் ஒதுக்கிய இடம், பல ஆண்டு கழித்துத் தனிப் பத்திரமாகி விற்பனைக்கு வரும். விலை சற்றுக் குறைவாக இருக்கும், பட்டாகூட இருக்கும். ஒப்புதலான மூல வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விரித்துப் பார்க்காததால் பூங்கா மேல் வீடு கட்டி, மாநகராட்சி நோட்டீஸோடு நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

பத்திர எழுத்தர் நண்பர்களுக்கு: செக்குபந்தியை முன் பத்திரத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதாதீர்கள். "கிழபுறம் இன்னார் பூமி" என்று எழுதிய இடம் முப்பது அடி ரோடு ஆகிப் பத்து வருடம் ஆகியிருக்கும். "தென்புறம் இட்டேரி" என்று இருக்கும். அந்த இட்டேரி பக்கத்துத் தோட்டத்துக் காம்பவுண்டுக்குள் போயிருக்கும். வீட்டுக்குப் போகும் தடம் பொதுவா, மாமூலா, விற்பவரின் தனிப் பாத்தியமா என்பதை ஒரு வரியில் தெளிவாக எழுதினால் பின்னால் ஒரு வழக்கு குறையும். தயவு செய்து ஒரு முறை இடத்துக்குப் போய் நான்கு புறமும் நின்று பாருங்கள். அதற்கான நேரத்துக்கும் கூலி கேளுங்கள், தவறில்லை.

60 லட்சத்துக்கு வீடு வாங்குகிறவர் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அரசுக்குக் கட்டுகிறார். விற்பவர் பேரில் 1 சதவீதம் வரியும் பிடித்துச் செலுத்துகிறார். நமக்குக் கமிஷனும் எழுத்துக் கூலியும் லீகல் ஃபீஸும் தருகிறார். இத்தனை பேருக்குக் கொடுத்தவருக்கு, கொடுக்கும் முன்பே தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று, ஒப்புதல் வரைபடம் அடங்கிய ஒரு ஃபைலை நாம் கையில் வைக்க வேண்டும். ஃபைல் தர மறுக்கும் விற்பனையாளரின் வீட்டைக் காட்டாதீர்கள்.

கமிஷன் கடிதத்தின் மாதிரி ஒன்றை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். படியெடுத்துப் பயன்படுத்துங்கள். உங்கள் பகுதி வழக்கத்துக்குப் பொருந்தாத வரி இருந்தால் எழுதுங்கள், திருத்தி அடுத்த மாதம் மீண்டும் வெளியிடுகிறோம்.