சீருடைக்கு விசில் எப்போது?

சரவணையில் நடக்கும் ஒரு கூடைப்பந்துப் போட்டிக்கு நெடுந்தீவிலிருந்து ஓர் அணி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் ஏறி மைதானத்தில் இறங்கிய பிறகுதான் ஒரு பிள்ளையின் ஜேர்சி வீட்டிலேயே கிடப்பது தெரியவருகிறது. திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை. வேறு இலக்கமுள்ள ஜேர்சியொன்றை இரவல் வாங்கிப் போடுகிறாள். ஸ்கோர்சீற்றில் இருப்பதோ பழைய இலக்கம். ஆட்டம் தொடங்கியபின் இது கண்ணில் பட்டால் தண்டனை உண்டா?

இல்லை. இரு அணிக்கும் பாதகமில்லாத நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி இலக்கத்தைத் திருத்தச் சொல்கிறது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதி விளக்கம். தண்டனை எதுவும் கிடையாது. பட்டியலில் பெயரே இல்லாதவரை அந்த நேரத்தில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். இதற்கு டெக்னிக்கல் பௌல் கொடுக்கும் நடுவர், விதியில் இல்லாத தண்டனையொன்றைத் தாமே உருவாக்குகிறார்.

உள்ளே ரீ சேர்ட், காதில் தோடு, கையில் காப்பு, நீண்ட நகம், ஆளுக்கொரு நிறத்தில் கைப்பட்டி: இவற்றுக்கும் முதல் மருந்து விசில் அல்ல. கழற்று, வெட்டு, மாற்று என்று சொல்லுங்கள். செய்யும்வரை களத்தில் விடாதீர்கள். தோட்டிலும் நகத்திலும் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கிழிவது இன்னொரு பிள்ளையின் முகம். எச்சரித்த பிறகும் கேளாமல் அதே கோலத்தில் வந்து நின்றால் டெக்னிக்கல் கொடுங்கள். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ போகட்டும். அங்கே நாம் தண்டிப்பது உடையை அல்ல, எச்சரிக்கையை மதியாமையை.

களத்தில் தீர்க்கவே கூடாத விடயமும் ஒன்று உண்டு: மத நம்பிக்கைக்காக அணியும் தலையணி. 2014 யூலையில் சீனாவின் வூஹானில் இந்திய வீரர்கள் அம்ரித்பால் சிங்கும் அம்ஜ்யோத் சிங்கும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு விளையாட நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கட்டார் பெண்கள் அணி மொங்கோலியாவுடனான ஆட்டத்தையே கைவிட்டது. தலையணியைத் தடுத்த அன்றைய விதியையே நடுவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள். பிழை விதியில் இருந்தது. அதை ஃபீபா திருத்தி, 2017 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முகத்தை மறைக்காத, பிறருக்கு ஆபத்தில்லாத தலையணி இன்று அனுமதிக்கப்பட்டது. பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலோ நயினாதீவிலோ ஒரு முஸ்லிம் பிள்ளையை இன்றும் வெளியே நிறுத்தினால், அந்த அநியாயத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே நடுவரின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. நடுவர்களாகிய நம்மில் பலர் அந்த நேரத்தை வரவேற்புத் தேநீரிலும் விருந்தினரோடு கதைப்பதிலும் கழித்துவிட்டு, முதற் கால்பகுதியில் உடை பார்க்கிறோம். இது மாற வேண்டும். தீவகப் போட்டிகளுக்கு உடை விதிகளை ஒரு வாரம் முன்பே தமிழில் எழுதிப் பாடசாலைகளுக்கு அனுப்புங்கள். போட்டியன்று இரு அணிகளையும் வரிசையில் நிறுத்தி, இலக்கத்தை ஸ்கோர்சீற்றோடு ஒப்பிட்டு, காதையும் கையையும் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.