கைரேகை விழலைன்னா ரேஷன் அரிசி கிடையாதா? கடையில் இருக்கும் குட்டி மிஷின் என்ன செய்யுது?

பாரூர் ஏரிப் பாசனத்தில் வருஷக்கணக்காக நாற்று நட்ட கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடை மிஷினில் அந்த விரலை வைத்தால் பல நேரம் பொருந்தாது. அப்போ அரிசி?

மிஷின் என்ன செய்யுது?
பி.ஓ.எஸ். எனப்படும் இது ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர்தான். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பில் போட்டது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழகத்தில் அமலானதும் கைரேகையும் சேர்ந்தது. ரேகை இணையம் வழியாக ஆதார் சர்வருக்குப் போய் சரிபார்க்கப்படும். சிக்னல் போனால் வரிசையும் நின்றுவிடும்.

யாருக்கு லாபம்?
ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளி, சொந்த ஊர் கார்டை வைத்தே இங்கே அரிசி, கோதுமை வாங்கலாம். ஆனால் அவர் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளியாக இருக்கணும். தமிழக அரசு மானியத்தில் தரும் துவரம் பருப்பு, பாமாயில் அவருக்குக் கிடைக்காது.

ரேகை விழலைன்னா?
அதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். கருவிழி ஸ்கேனர் உள்ள கடைகளில் அதைக் கேட்கலாம். கடைக்கு வரவே முடியாத முதியவர்கள் அங்கீகாரப் படிவம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில், தகுதியுள்ள முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே மிஷினும் தராசும் வருகின்றன.

பில் போட்டதும் மொபைலுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை மறக்காம பாருங்க. வாங்காத பொருள் அதில் இருந்தால் 1967-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.