காமராஜர் வீட்டுக்குப் பளிங்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தலைவர்கள் பிறந்த வீடுகளைப் 'புதுப்பிக்க வேண்டும்' என்ற குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு விருதுநகர் காமராஜர் இல்லம் நினைவுக்கு வந்து பயம் பிடித்துக்கொள்கிறது. நெருக்கமான தெருவில் உள்ள சின்ன வீடு அது. 1903-இல் அவர் பிறந்த ஊரில், தந்தை குமாரசாமி இறந்தபின் படிப்பை விட்டு மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போன சிறுவனின் வீடு. மகன் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோதும் தாய் சிவகாமி அம்மாள் இங்கேதான் இருந்தார், சென்னைக்குக் குடிபெயரவில்லை. அதனால் அந்த வீட்டில் பார்க்க வேண்டிய முதல் பொருளே அதன் அளவுதான்.

டைல்ஸ், பளிங்கு, வண்ண விளக்கு, ஆளுயர விளம்பரப் பலகை எல்லாம் வந்துவிட்டால் அந்த அளவு தெரியாமல் போகும். நம் ஊரில் 'நினைவகம்' என்றாலே ஒரு சிலை, நாலு கொடிக்கம்பம் என்றாகிவிட்டது. கட்சிக்காரர்கள் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும். பழுது பார்ப்பதென்றால் சுண்ணாம்புக் காரைக்குச் சுண்ணாம்பே பூசட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள் உளுத்துப்போகும். இதற்குப் பெரிய செலவு ஆகாது, விவரம் தெரிந்த கொத்தனார் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காமராஜர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி வகுப்பறையில் சொல்வதைவிட, அந்த வீட்டின் முன்கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாத்தூர்