நடராஜனுக்கு சாரட், நம்ம பையனுக்கு?

நாச்சியாபுரம் பொட்டலில் டென்னிஸ் பந்து வீசும் பையனைக் கேளுங்கள். "நடராஜன் மாதிரி யார்க்கர் போடணும்" என்பான்.

அந்த நடராஜன், சேலம் சின்னப்பம்பட்டி தறித் தொழிலாளி மகன். சுமார் 20 வயது வரை அவருக்கும் டென்னிஸ் பந்துதான்! 2015-ல் ரஞ்சியில் ஆடியதும் பந்தை 'எறிகிறார்' என்று புகார். கை வீச்சையே மாற்றி மீண்டு வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். திரும்பியதும் ஊரே சாரட்டில் ஏற்றி அமர்க்களப்படுத்தியது. சில மாதத்தில் முழங்கால் ஆபரேஷன். டெஸ்ட் அந்த ஒன்றோடு சரி.

ஆனாலும் மனுஷன் 2023-ல் சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானமே திறந்துவிட்டார். அது ஆட்டக்காரர் செய்யவேண்டிய வேலையா? நம்ம பையன் 12 வயதிலேயே தோல் பந்தைத் தொட நாச்சியாபுரம் பக்கம் ஒரு பிட்ச் போட்டுக் கொடுங்கள், ஐயா. சால்வையை அப்புறம் போர்த்தலாம்.