உளுந்து தெளித்த வயலும் உளுந்து ஊறிய தண்ணீரும்

காவிரிப் படுகையில் சம்பாவும் தாளடியும் முற்றிவரும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, பாத்தி கிடையாது. நெற்பயிர் நின்றபடி இருக்கும். தண்ணீர் வடிந்து மண் மெழுகுப் பதத்தில் இருக்கும். அந்தப் பதம் பார்த்து ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ விதையைக் கைவீசித் தெளித்துவிட்டு வரப்பேறிவிட வேண்டியதுதான். நெல்லை அறுத்துக் கட்டும்போது தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து இலை விட்டிருக்கும். மண்ணில் மிச்சமுள்ள ஈரமும் தை, மாசிப் பனியும்தான் அதற்குத் தண்ணீர். எழுபது எழுபத்தைந்து நாளில் காய் முற்றி, பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். ஆடுதுறை 3 என்ற ரகம் இந்தச் சாகுபடிக்குப் பேர்போனது. வேளாண் துறையின் ஏடுகளில் இதற்கு நெல் தரிசு உளுந்து என்று பெயர்.

அந்த உளுந்தும் அந்த வயலின் நெல்லும் பிறகு வீட்டில் மறுபடி சேர்கின்றன, கிரைண்டரில். வயலில் உளுந்துக்குத் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, ஊட்டுவதும் பாக்டீரியா. பாத்திரத்தில் மாவைப் பொங்கவைப்பதும் பாக்டீரியா. இரண்டும் வேறு வேறு இனம் என்றாலும், இரண்டுக்கும் இடம் கொடுத்தது உளுந்துதான். இந்த இரண்டு சேர்க்கையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற கவலையில்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில் அடுப்படி. உளுந்தை ஒருமுறை அலசிவிட்டு ஊறவைத்தால், ஊறிய தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது, அதைத் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத விதி. ஆட்டிய உளுந்தில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி மாவோடு சேர்த்துக் கல்லுப்புப் போட்டுக் கையால் அடி வரைக்கும் துழாவிக் கரைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. மார்கழியில் மாவு புளிக்க மறுத்தால் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பாட்டிமார் இதற்கெல்லாம் காரணம் சொன்னதில்லை, செய்துகாட்டினார்கள்.

காரணம் 1965இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. முகர்ஜி என்ற இந்திய ஆய்வாளரும், புளிக்கவைத்த உணவுகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கீத் ஸ்டைன்க்ராஸ் முதலியோரும் இட்லி மாவை மணிக்கு மணி சோதித்துப் பார்த்தார்கள். மாவு பொங்குவதற்கு முதன்மையான காரணம் லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். அது வெளியிலிருந்து சேர்த்ததில்லை. ஊறும்போதே பெருகத் தொடங்குகிறது; ஆட்டிய பிறகும் பெருகிக்கொண்டே போய், 11லிருந்து 13 மணி நேரத்தில் ஒரு கிராம் மாவில் 100 கோடியைத் தாண்டிவிடுகிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்துவைத்த மாவு காலை ஏழு மணிக்குத் தளும்பி நிற்பதன் கணக்கு இதுதான். ஊறிய தண்ணீரைக் கொட்டுவது, அப்போதுதான் பெருக ஆரம்பித்திருக்கும் கூட்டத்தில் ஒரு பங்கைச் சாக்கடையில் விடுவது.

இந்த பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் ஒருசேர வெளியிடுகிறது. அமிலம் புளிப்பு, வாயு பொங்கல். ஆனால் வாயு உண்டானால் மட்டும் போதாது, அதைப் பிடித்துவைக்க ஆள் வேண்டும். உளுந்தின் புரதமும், விரலில் ஒட்டி நூலாக நீளும் அந்த வழவழப்பும்தான் வாயுவைக் குமிழி குமிழியாகச் சிறைப்பிடித்து, ஆவியில் வேகும் வரை விடாமல் வைத்திருக்கின்றன. அரிசி மாவை மட்டும் புளிக்கவைத்து ஊற்றினால் வாயு பறந்துவிடும், இட்லி கல்லாகும். அரிசியும் உளுந்தும் ஏன் ஜோடி என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

புளிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைடிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. புளித்த மாவில் அது குறைந்துவிடுகிறது. ஆப்ப சோடாவைப் போட்டு அரை மணியில் இட்லி ஊற்றும் கடைகள் பெருகிவிட்டன. சோடா உப்பவைக்கும், அவ்வளவுதான். இந்த வேலை எதையும் செய்யாது. இட்லியில் உயிருள்ள நல்ல பாக்டீரியா இருக்கிறது என்று விளம்பரம் செய்வதும் சரியில்லை. ஆவியில் அவை செத்துவிடுகின்றன. நாம் சாப்பிடுவது அவை ராத்திரி முழுக்கச் செய்துவைத்த வேலையின் பலனை. பாக்டீரியாவை உயிரோடு உட்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு நீராகாரம் இருக்கிறது. சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் புளிப்பேறி, கெடுதல் செய்யும் கிருமிகள் தலைதூக்குவது கடினமாகிறது. தண்ணீர் ஊற்றாமல் அப்படியே வெளியில் கிடக்கும் சோற்றில்தான் பேசில்லஸ் சீரியஸ் என்ற நச்சுக் கிருமி வளர வாய்ப்பு அதிகம். அதன் நச்சில் ஒரு வகை மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தவர்கள் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன இடைச்சொருகல். நமக்கு இட்லி தரும் இதே லூக்கோனாஸ்டாக், சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு எதிரி. வெட்டிய கரும்பு ஆலை வாசலில் நாள்கணக்கில் காய்ந்தால், அது உள்ளே புகுந்து சர்க்கரையைப் பசையாக்கிவிடும். சாறு கெட்டியாகிச் சர்க்கரை படிகமாவது கெடும். நுண்ணுயிரில் நல்லது கெட்டது என்று பிரிப்பதைவிட, எதை எங்கே வைக்கிறோம் என்று பார்ப்பதுதான் முறை.

இனி வயல். போன மாசியில் மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வயலுக்குப் போயிருந்தேன். உளுந்து பூவும் பிஞ்சுமாக நின்றது. ஒரு செடியை மண்வெட்டியால் அடிமண்ணோடு பெயர்த்தெடுத்து, வாய்க்கால் தண்ணீரில் மெல்ல அலசினார். சல்லிவேரில் ஆங்காங்கே கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு.

“பாத்தியா தம்பி, ரத்தம் மாதிரி இருக்கா? இந்தக் கலர் இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா செத்த முடிச்சு.”

சித்தப்பா ரத்தம் என்றது உவமைக்குச் சொன்னதாக இருக்கலாம்; அறிவியலும் அதையே சொல்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் இனத்து பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் அதன் நொதி ஆக்ஸிஜன் பட்டால் பாழாகிவிடும். இந்த இக்கட்டைத் தீர்க்கத்தான் அந்தச் சிவப்பு நிறமி. ஆக்ஸிஜனைக் கட்டிப்பிடித்து, தேவைக்கு மட்டும் அளந்து விடுகிறது. செடி சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா தழைச்சத்து கொடுக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. உரத் தொழிற்சாலை அதை அம்மோனியாவாக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், வளிமண்டலத்தைப் போல 150, 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். உளுந்து வேரில் அந்த வேலை மாசி மாதத்து மண் சூட்டில் நடந்துவிடுகிறது.

ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் பயறுவகைப் பயிர்கள் வேர் முடிச்சின் வழியே காற்றின் நைட்ரஜனை எடுக்கின்றன என்று 1886இல் அறிவித்தார்கள். 1888இல் பெய்யரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். நெல் வயலுக்குத் தழைச்சத்து எப்படிச் சேர்கிறது என்பதற்கான பதில் நம் பக்கமிருந்தே வந்தது. தண்ணீர் கட்டிய வயலில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனைச் சேர்க்கிறது என்று வங்காளத்து மண்ணை வைத்து 1939இல் காட்டியவர் பி. கே. தே. வரப்போரக் குட்டையில் படரும் அசோலாவின் இலைக்குள்ளும் அதே வகைப் பாசிதான் குடியிருக்கிறது.

மிகைப்படுத்தவும் கூடாது. உளுந்து பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்பின் புரதமாகி நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வயலுக்கு மிஞ்சுவது வேரும் உதிர்ந்த இலையும். அதனால்தான் செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தெடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்கு பாக்டீரியாவின் தேவையில்லாமல் போய் முடிச்சு வைப்பதே குறைந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தச் சாகுபடி ஏன் தேய்கிறது? படுகை விவசாயியைக் கேட்டால் முதலில் அறுவடை இயந்திரத்தைக் காட்டுவார். ஆள் கிடைக்காத ஊரில் இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முளைத்து நிற்கும் உளுந்தின் மேல் அது ஏறி இறங்குகிறது. பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் இன்னொரு முறை ஏறுகிறது. சக்கரத் தடத்தில் மண் இறுகி விதை மேலே வருவதில்லை. சேறு காயாத வயலில் பெல்ட் வண்டி போனால் சேதம் குறைவு, டயர் வண்டி போனால் தடம் ஓடையாகிவிடும். மிஞ்சியதை அறுப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடும் ஆடுமாடு மேயும். அதற்கும் தப்பினால் வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல் இருக்கிறது. இத்தனையும் தாண்டிக் களத்துக்கு வரும் உளுந்துக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அறிவிப்பு இருந்தால் போதாது. பங்குனியில் பக்கத்து ஊரில் கொள்முதல் நிலையம் திறந்திருக்க வேண்டும். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது. மண்ணும் பனியும் பாக்டீரியாவும் இங்கே சும்மா கிடக்க, இட்லிக்குக் கப்பலில் உளுந்து வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இயற்கை விவசாயம் செய்பவர்கள் ஜீவாமிர்தத்தையும் பஞ்சகவ்யத்தையும் பெரிதாகச் சொல்வார்கள். ஜீவாமிர்தத்தில் சாணம், கோமியத்தோடு வெல்லமும் பயறு மாவும் ஒரு கைப்பிடி வரப்பு மண்ணும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். கொடுமுடி நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தில் தயிர் சேர்கிறது. நுண்ணுயிருக்குத் தீனி போட்டுப் பெருக்கி மண்ணில் விடுவது என்ற முறையில் இதுவும் மாவு புளிக்கவைப்பதும் ஒரே அறிவு. பயனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு டிரம் கரைசலில் உள்ள சத்தை மட்டும் நம்பி ஏக்கருக்கு முப்பது மூட்டை நெல் கேட்க முடியாது. மண்ணில் மட்கு வேண்டும், தொழு உரம் வேண்டும், பயிர்ச் சுழற்சியில் பயறு வேண்டும். இலங்கை அரசு 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் வீதிக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. மண்ணில் உயிர் ஏற வருடங்கள் ஆகும். அரசாங்க உத்தரவுக்கு அது அவசரப்படாது.

வருகிற தையில் உளுந்து தெளிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் தண்ணீர் கட்டிக் காற்றோட்டம் இல்லாத நெல் வயலில் ரைசோபியம் குறைந்துபோயிருக்கக்கூடும். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ரைசோபியம் உயிர் உரம் கிடைக்கும், வாங்கிக் கலந்து தெளியுங்கள். பையிலோ பாட்டிலிலோ காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். அதில் இருப்பது உயிர், வெயிலில் வைத்தால் செத்துவிடும். பை உரமாக இருந்தால் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிடுங்கள். பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையென்றால் ஒரு நாள் இடைவெளி விட்டுக் கலக்குங்கள். பூ எடுக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பெயர்த்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பங்குனி, சித்திரையில் படுகையின் புது உளுந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் வாங்குங்கள். கொள்முதல் நிலையங்களைப் பங்குனி பிறக்கும் முன்பே திறந்துவைக்க வேண்டியது அரசின் பொறுப்பு.