ஜன்னலோரச் செடிக்கு வயல் மருந்து எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கொட்டாவி விட்டது போல இங்கேயும் விடாதீர்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் இரண்டு படம் அனுப்பினாள். முதல் படத்தில் ஜன்னலோரம் ஒரு ஜேட் செடி. இலை இடுக்கிலெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. இரண்டாவது படத்தில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில், அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பால் நிறத்தில் ஏதோ. "நர்சரியில இந்த மருந்தை ஊத்திக் கொடுத்தாங்க டீச்சர், எத்தனை மூடி கலக்கணும்?" என்று கேட்டிருந்தாள். அவள் வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. உடனே போன் செய்து, அதை எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டு, சிங்க்கில் ஊற்றாதே, கொடுத்த கடையிலேயே திருப்பிக் கொடு என்று சொன்னேன். பெயரும் இல்லை, அளவும் இல்லை. குழந்தை குடித்திருந்தால் என்ன விஷம் என்று டாக்டரிடம் சொல்லக்கூட வழியில்லை.

வீட்டுக்குள் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து தேவையே இல்லை. இது என் உறுதியான கருத்து. ஆபத்து என்பது ஒரு காரணம். அது சரியாக வேலை செய்யாது என்பது இன்னொரு காரணம்.

அந்தப் பஞ்சுதான் மாவுப்பூச்சி. உடம்பைச் சுற்றி மெழுகு பூசிக்கொண்டு இலை இடுக்கில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். தண்ணீரில் கலந்து தெளிக்கிற எதுவும் அந்த மெழுகில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்தது போல ஆனது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் குளவிகள்தான் அதை அடக்கின. நம் ஹாலுக்குள் குளவி வராது. அந்த வேலையை நம் விரல்தான் செய்ய வேண்டும்.

மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். காது குடையும் பட்ஸை அதில் தோய்த்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். மெழுகு கரைந்து பூச்சி செத்துவிடும். முதலில் ஒரே ஒரு இலையில் தடவி இரண்டு நாள் பாருங்கள், சில செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஒரு தடவையோடு விட்டுவிட்டால் பொரிந்து வருகிற குஞ்சுகள் மறுபடி ஏறும். வாரம் ஒரு முறை, நாலைந்து வாரம் செய்ய வேண்டும். பொறுமைதான் மருந்து.

மேலே ஒன்றும் தெரியாமல் செடி மட்டும் வாடி நின்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. பழைய மண் முழுவதையும் உதறி, வேரைக் கழுவி, கெட்ட வேரை நறுக்கி, நாலைந்து நாள் நிழலில் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். சதைப்பற்றுள்ள செடி என்பதால் காய்ந்து கிடந்தாலும் தாங்கும்.

பூச்சியே இல்லாததைப் பூச்சி என்று நினைப்பதும் உண்டு. இதில் நானே குற்றவாளி. ஒரு எச்செவேரியாவின் இலையில் திருநீறு பூசினாற்போல இருந்ததை நோய் என்று நினைத்து ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன். அது வெயிலுக்கு அந்தச் செடியே போட்டுக்கொண்ட பூச்சு. துடைத்த இலையில் அது திரும்ப வரவில்லை, வெயில் பட்டுத் தழும்பும் விழுந்தது. உயிரியல் டீச்சர்! வயதான கள்ளியின் அடியில் மரப்பட்டை போலப் பழுப்பாவதும் நோய் இல்லை. ஆனால் பழுப்பாகச் சின்னப் புடைப்பு இருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது செதில்பூச்சி. அதற்கும் நகமும் ஸ்பிரிட்டும் போதும்.

இலை மங்கி, புள்ளி புள்ளியாகப் பழுப்படித்து, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் வெள்ளைத் தாள்மேல் செடியைத் தட்டுங்கள். மிளகாய்த்தூள் போல ஏதாவது நகர்ந்தால் சிலந்திப்பேன். எட்டுக் கால் உள்ளது, பூச்சி இனமே இல்லை. அதனால்தான் சில பூச்சிமருந்துகளுக்கு அது அசையாது, சிலவற்றுக்குப் பின் இன்னும் கூடக்கூடச் செய்யும். தண்ணீரால் நன்றாகப் பீய்ச்சிக் கழுவி, காற்றாட வைத்து உலர்த்துங்கள்.

வேப்பெண்ணெய் நல்லதுதானே என்று என் நாத்தனார் கேட்கிறார். வயலில் நல்லது அண்ணி. இந்தச் செடிகளில் எண்ணெய் அந்தப் பூச்சைக் கரைக்கும், அதோடு வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். ஜேட் செடிக்குச் சோப்புத் தண்ணீரும் ஆகாது.

நூற்றுக்கணக்கில் வளர்த்து விற்பவர்கள் மருந்தில்லாமல் சமாளிப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் லேபிள் பார்த்து, கையுறை போட்டு, வெளியில் வைத்து அடிக்கட்டும். அதைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பத்தான் கூடாது.

பாசத்தில் தினமும் தண்ணீர், மாசம் ஒரு உரம் என்று ஊட்டி வளர்க்கிற செடியில்தான் மாவுப்பூச்சி மொய்க்கிறது. தொட்டியில் எறும்பு வரிசை தெரிந்தால் இலை இடுக்கைப் பாருங்கள். பூச்சி விடுகிற இனிப்புக் கழிவுக்குத்தான் அவை வருகின்றன. புதுச் செடி எதுவானாலும், நான் கொடுத்ததாகவே இருந்தாலும், ஒரு மாதம் தனியாக வைத்துவிட்டு அப்புறம் மற்றவற்றோடு சேருங்கள்.

அந்த மாணவியின் ஜேட் செடிக்கு இரண்டாவது வாரம் ஓடுகிறது. நேற்று எடுத்ததில் மூன்று பூச்சிதானாம். உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரியாத படம் அனுப்பினால் மார்க் கிடையாது.