கரையேற்றிய படகு



வல்லத்திராக்கோட்டையில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். இங்கே கண்மாய் உண்டு, கடல் இல்லை. ஆயினும் நம் மாவட்டத்தின் கிழக்கெல்லை பாக் நீரிணை. கோட்டைப்பட்டினத்தில் பெண் எடுத்தவன் நான். சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் என் மச்சினர் ஒருவர் வந்து, "மச்சான், விசைப்படகைப் பழுது பார்க்கவா, விற்றுவிடவா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மரப்படகு. பிறர் ஓட்டியதை வாங்கியது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பக்கத்துப் படகோடு மோதி அடிபட்டது. இப்போது என்ஜின் சூடேறுகிறது, எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறது. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். செலவெல்லாம் என்ஜினில்தான் என்பது அவர் கணக்கு.

நான் அவரோடு கடற்கரைக்குச் சென்றேன். முதிய ஓடாவி ஒருவர் என்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல மரம் கணீரென்று ஒலித்தது. அடிப்பகுதியில் ஒலி மழுங்கியது. அங்கே கத்தியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. கப்பல் புழு உள்ளே துளைத்திருந்தது, ஆணிகளும் துருவேறியிருந்தன. "என்ஜின் போனால் வேறு என்ஜின் வைக்கலாம். ஏரா போனால் வேறு படகுதான் கட்ட வேண்டும்" என்றார். பலகை இடுக்குகளை அடைக்கும் வேலைக்கு அவர் சொன்ன 'கலப்பத்து' என்ற சொல் என் காதில் இனித்தது. அரபியிலும் அவ்வேலைக்கு ஏறத்தாழ அதே சொல்தான். இது மதரஸாக்காரனின் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். 2001 இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. மிஞ்சுவது 304 நாள். அதிலும் நம் பகுதி விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என வாரம் மூன்று நாளே கடல். ஆக ஆண்டுக்கு 130 நாள். புயல் எச்சரிக்கையும் வேலைநிறுத்தமும் அதிலும் கை வைக்கும். பழுதுக்கு ஐந்து இலட்சம் ஆகுமென்று வையுங்கள். இரண்டு ஆண்டில் அதை மீட்க, போகும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 1,900 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். டீசல், ஐஸ், ஆட்கூலி எல்லாம் போக மிஞ்சுவதில் இது முடியுமா? மச்சினர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே பதில்.

அப்படியானால் விற்கலாம். ஆனால் மறுநாள் அவர் சொன்ன யோசனை என்னைத் திடுக்கிடச் செய்தது. மெத்துப்போன இடத்தில் பட்டி வைத்து, இரண்டு பூச்சு வண்ணம் அடித்து, தடைக்காலம் முடியுமுன் வெளியூர்க்காரருக்குத் தள்ளிவிடுவதாம். "குறையைச் சொன்னால் யார் மச்சான் வாங்குவார்?"

மதீனாக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியைத் தாங்கள் அறிவீர்கள். அதையே அவருக்கு நினைவூட்டினேன். ஈரத் தானியத்தை வாங்கியவனுக்குப் பணம்தான் நஷ்டம். இந்தப் படகில் நாலைந்து பேர் ஏறி நடுக்கடலுக்குப் போவார்கள். அவர்களுக்கும் வீட்டில் வழி பார்த்திருக்கும் பெண்களும் பிள்ளைகளும் உண்டு. இதைக் கேட்டு மச்சினரின் மனைவிதான் முதலில், "வேண்டாங்க" என்றார்.

இன்னொன்றும் உண்டு. நம் கடற்கரையில் படகு வாய்ச்சொல்லிலேயே கைமாறிவிடுகிறது. மீன்வளத்துறைப் பதிவில் பழைய பெயரே கிடக்கிறது. நாளை அப்படகு எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், படகு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் அந்நாட்டு நீதிமன்றம் உரிமையாளராகக் கேட்கும். அங்கு 1979 ஆம் ஆண்டின் சட்டத்தை 2018 இல் திருத்தி அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியும் விட்டார்கள். படகை விற்றவர் பதிவை மாற்றும்வரை நிம்மதியாகத் தூங்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை என் மாணவர்கள்கூட அறிவார்கள்.

வாங்க வந்தவரிடம் கத்தி இறங்கிய இடத்தை மச்சினரே தொட்டுக் காட்டினார். அவர் முகம் சுளிக்கவில்லை. படகுடல் வேண்டாமென்று சொல்லி, என்ஜினையும் வின்ச்சையும் மட்டும் விலை பேசினார். என்ஜினில் தண்ணீர் புகுந்ததையும் சேர்த்தே எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்டோம். முதலில் எதிர்பார்த்த தொகையில் பாதிகூட இல்லை. படகின் பதிவை நீக்க மீன்வளத்துறை அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தார். இப்போது தம்பியின் ஃபைபர் படகில் பங்கு சேர்ந்திருக்கிறார்.

பழைய படகில் கணீரென்று ஒலித்த பலகைகளில் இரண்டு, மாமியார் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. சென்ற வாரம் அதில் அமர்ந்துதான் தேநீர் குடித்தேன்.